தண்ணி காட்டும் தண்ணீர்!

உலகத்திலேயே சொன்ன பேச்சைக் கேட்காத மாடல் யார் என்று கேட்டால், நான் தயங்காமல் தண்ணீர் என்று சொல்வேன். கல்யாண மாப்பிள்ளையைக்கூட, "கொஞ்சம் தலையைத் தூக்குங்க... அப்படியே இருங்க..." என்று ஒரு நிமிஷம் நிறுத்திவிடலாம். கைக்குழந்தைக்கு முன்னால் கிலுகிலுப்பை ஆட்டலாம். ஆற்றுக்கு யார் ஸார் 'ரெடி, ஸ்மைல்' சொல்வது? நீங்கள் ஃபோகஸ் பண்ணின தண்ணீர் வேறு. பட்டனை அழுத்தும்போது காமிராவுக்குள் போகிற தண்ணீர் வேறு. முதல் தண்ணீர் அதற்குள் அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்கியிருக்கும். 'தண்ணி காட்டுவது' என்று தமிழில் சும்மாவா சொன்னார்கள்!

இப்பேர்ப்பட்ட தண்ணீரை, ஃப்ளாஷ் இல்லாமல், சூரியன் கொடுக்கிற வெளிச்சத்தில், அதுவும் ஃபிலிம் காமிராவில் படமெடுப்பதுதான் என்னுடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. மீதி ஆறு நாளும் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊரில் கைக்கடிகாரம் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் செய்கிறார்கள். ஊர் முழுக்க விநாடி பார்த்து ஓடுகிற ஜனம். ஷிஃப்ட்டுக்கு ஒரு நிமிஷம் லேட்டானால் சம்பளத்தில் தெரியும். அந்த ஊரில் ஒருத்தன் ஒரே ஒரு விநாடியை எடுத்து வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வார்கள்? சொல்கிறார்கள்.

"செல்போன்ல எடுத்தா உடனே தெரியுமே... எதுக்குங்க இந்த இம்சை?" என்பது வீட்டு அம்மணியின் கேள்வி. நியாயமான கேள்வி. ஒரு கலர் ஃபிலிம் ரோல் இன்றைக்கு ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிட்டது. அதைக் கழுவி, ஸ்கேன் பண்ணி வாங்குவதற்குள் ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஐம்பது ரூபாய் விழுகிறது. 36 படம் எடுத்தால் அதில் நாலு தேறும். அதாவது தேறின படம் ஒன்றுக்கு 450 ரூபாய். கணக்குப் பிரிவில் இருப்பவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? ஆனால் அந்த ஐம்பது ரூபாய்தான் விஷயமே. ஐம்பது ரூபாய் போகிறது என்றால் மனுஷன் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை யோசிக்கிறான். செல்போனில் நூறு படம் எடுத்துவிட்டு, எதையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடலாம். ஃபிலிமில் அது முடியாது. முதலில் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

என்னிடம் இருப்பது பென்டாக்ஸ் கே1000. 1976-ல் சந்தைக்கு வந்து, 1997 வரை ஏறக்குறைய அப்படியே தயாரிக்கப்பட்ட சாது. செகண்ட்ஹாண்டில் வாங்கினேன். பாட்டரி தீர்ந்துபோனால் லைட் மீட்டர் மட்டும்தான் தூங்கும். ஷட்டர் பாட்டுக்கு வேலை செய்யும். ஒரு விநாடியிலிருந்து விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை திருகி வைத்துக்கொள்ளலாம். கனம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. தெருநாய் துரத்தினால் உபயோகப்படும்.

*

இடம், கெலவரப்பள்ளி. ஓசூரிலிருந்து பைக்கில் போனால் ஒரு சினிமாப் பாட்டை நாலைந்து தடவை முணுமுணுப்பதற்குள் வந்துவிடும். வழியில் ரோஜா, தக்காளி, கொத்தமல்லி, முட்டைக்கோஸ். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் சண்டை போட்டுக் கன்னடத்தில் சமாதானமாகிற டீக்கடைகள். தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஹொஸ்கோட்டே வழியாகப் பெங்களூரின் கிழக்கு ஓரத்தை உரசிக்கொண்டு, தமிழ்நாட்டுக்குள் வந்தவுடன் மூச்சு வாங்க நிற்கிற முதல் பெரிய அணை இதுதான். அந்தப் பக்கம் அதற்குப் பெயர் தட்சிண பினாகினி. இந்தப் பக்கம் வந்தால் தென்பெண்ணை. மாமியார் வீட்டுக்கு வந்து பெயர் மாறின பெண் மாதிரி. அணையின் முழு உயரம் 44.28 அடி. இங்கிருந்து ஆறு, ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியைத் தாண்டி, காமராஜர் காலத்தில் கட்டின கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை இரண்டையும் பார்த்துவிட்டுக் கடலூர்ப் பக்கம் போய் வங்காள விரிகுடாவில் சேர்கிறது.

மதகுக்குப் பக்கத்தில் நின்று படமெடுக்க ஆசைப்படாதீர்கள். அணைக்கட்டு என்பது காவல் உள்ள இடம், அனுமதி வேண்டும். நான் நிற்பது அணைக்குக் கீழே, ஆறு மறுபடி ஆறாகிற இடத்தில், ஊர்க்காரர்கள் மாட்டை ஓட்டிப் போகிற கரையில். அங்கேயும் மேலே மதகு திறந்திருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டுதான் இறங்குவேன். தண்ணீர் ஏறுவதை வ்யூ ஃபைண்டர் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அழகாகத்தான் தெரியும். முழங்கால் நனையும்போதுதான் புத்தி வரும்.

ட்ரைபாடை விரித்தால் முதலில் வருவது கூட்டம். ஓசூரைச் சுற்றி மூன்று காலுள்ள எந்த வஸ்துவை விரித்தாலும் அது நிலம் அளக்கிற சமாசாரம்தான். "ஸார், ரோடு வருதா?" "லே-அவுட்டா ஸார்? சதுர அடி என்னா ரேட்டு?" ஓசூரில் விமான நிலையம் என்று 2024-ல் சட்டசபையில் அறிவிப்பு வந்ததிலிருந்து கேள்வியும் உயர்ந்துவிட்டது. "ஏர்போர்ட்டுக்கு அளக்கறீங்களா ஸார்? எங்க நெலம் வருமா, வராதா?" 'தண்ணியை போட்டோ எடுக்கறேன்' என்றால் ஒருத்தரும் நம்புவதில்லை. 'பெரிய ஆபீஸர், வெளியில சொல்ல மாட்டேங்கறாரு' என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

*

இனி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், ஏழாம் வகுப்பு பின்னக் கணக்குதான்.

100 ஸ்பீடு ஃபிலிம். பளிச்சென்ற வெயில். லென்ஸின் வாயை எஃப் 16-க்குச் சுருக்கி, ஷட்டரை விநாடியில் 125-ல் ஒரு பங்குக்கு வைத்தால் படம் சரியாக விழும். மீட்டர் இல்லாத காலத்திலேயே போட்டோகிராபர்கள் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு இது. லென்ஸின் வாயை ஒரு படி திறந்தால் ஷட்டரை ஒரு படி வேகமாக்க வேண்டும். எஃப் 11 என்றால் 250-ல் ஒரு பங்கு. எஃப் 8 என்றால் 500-ல் ஒரு பங்கு. குழாயை அதிகம் திறந்தால் குடம் சீக்கிரம் நிறைகிற அதே நியாயம்.

இப்போது ஆற்றுக்கு வாருங்கள். தண்ணீர் விநாடிக்கு ஒரு மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 500-ல் ஒரு பங்கு நேரத்தில் அது நகர்வது 2 மில்லிமீட்டர். அதாவது படத்தில் அப்படியே உறைந்து நிற்கும். தெறித்த துளி ஒவ்வொன்றும் கண்ணாடிக் கோலி மாதிரி வானத்தில் தொங்கும். ஷட்டரைக் கால் விநாடி திறந்து வைத்தால் அதே தண்ணீர் 25 சென்டிமீட்டர் போய்விடும். ஒரு விநாடி என்றால் முழுசாக ஒரு மீட்டர். அப்போது துளி கிடையாது, அலை கிடையாது. எல்லாம் இழைந்து, கல்லுக்கு மேல் யாரோ பட்டுப் புடவையை உலர்த்தின மாதிரி வழவழவென்று விழும். காலண்டர்களில் அருவிக்குப் பதில் பால் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, சூட்சுமம் இவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், நல்ல வெயிலில் ஒரு விநாடி திறந்து வைத்தால் ஃபிலிம் வெந்துவிடும். என் லென்ஸின் வாய் எஃப் 22-க்கு மேல் சுருங்காது. அதில்கூட வெயிலில் 60-ல் ஒரு பங்கு நேரம்தான் கிடைக்கும். அதனால் பட்டுப் புடவை வேண்டுமென்றால் சூரியனோடு பேரம் பேச வேண்டும். மேகம் மூடின நாள் பார்த்துப் போகலாம். கால் விநாடி, எட்டில் ஒரு விநாடி என்று கிடைக்கும். அல்லது சூரியன் எழுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் நிற்கலாம். எஃப் 16-ல் ஒரு விநாடி, அரை விநாடி என்று தாராளமாகக் கிடைக்கிற நேரம் அது. அதிகம் போனால் இருபது நிமிஷம். எல்லாம் நீலமாக இருந்து, சாம்பலாகி, சட்டென்று மஞ்சளாகிவிடும். அப்புறம் கடை மூடியாச்சு.

இருட்டோடு போய் நின்றால் இன்னொரு கூத்து. ஒரு விநாடிக்கு மேல் திறக்க வேண்டி வந்தால், ஃபிலிமுக்குக் கணக்கு மறந்துபோகும். அதில் பூசியிருக்கிற வெள்ளி உப்புத் துகள்கள், வெளிச்சம் மொத்தமாக வந்தால் ஒழுங்காக வரவு வைத்துக்கொள்ளும். தவணை முறையில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால், முதல் தவணையை மறந்துவிட்டு, 'எங்கே கொடுத்தீங்க?' என்று கேட்கும். வட்டிக்கடைக்காரர் குணம். அதனால் மீட்டர் காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுத்துவிட வேண்டும்.

*

ஓடுகிற பொருளுக்கும் போட்டோவுக்கும் ஆதியிலிருந்தே ஆகாது. 1838-ல் பாரீஸில் தாகேர் என்பவர் தன் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய வீதியைப் படமெடுத்தார். ஜனமும் குதிரை வண்டியும் நெரிகிற தெரு. ஆனால் படத்தில் தெரு வெறிச்சென்று கிடக்கிறது. பல நிமிஷம் திறந்து வைக்க வேண்டியிருந்த காலம். நடந்த மனிதர்கள், ஓடின வண்டிகள் எல்லாம் பதியாமல் காணாமல் போய்விட்டன. ஓர் ஓரத்தில் ஒரே ஓர் ஆள் மட்டும் தெரிகிறார். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்றிருந்ததால் தப்பித்தவர். மனிதன் விழுந்த முதல் போட்டோக்களில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். சரித்திரத்தில் இடம்பெற வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? சும்மா நிற்க வேண்டும்!

அதற்குப் பிறகு இருபது வருஷம் ஆவதற்குள், 1856-57 வாக்கில், குஸ்தாவ் லெ க்ரே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் கடல் அலையையே பிடித்துவிட்டார். ஆனால் அன்றைய கண்ணாடித் தகடுகளில் கடலுக்குச் சரியான வெளிச்சம் கொடுத்தால் வானம் வெளுத்துப்போகும். வானத்துக்குக் கொடுத்தால் கடல் இருண்டுபோகும். மனிதர் என்ன செய்தார்? வானத்துக்குத் தனி நெகட்டிவ், கடலுக்குத் தனி நெகட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து அச்சடித்தார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஒட்டுவேலை இன்றைய கம்ப்யூட்டர் கண்டுபிடித்த பாவம் என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ளவும்.

அமெரிக்காவில் எட்கர்ட்டன் என்ற எம்.ஐ.டி. புரொபஸர் 1957-ல் ஒரு பால் துளி விழுந்து கிரீடம் மாதிரி எழும்புவதைப் பிடித்தார். அது ஃப்ளாஷ் வித்தை. மின்னல் மாதிரி வெட்டுகிற விளக்கு. நம் கட்சி அதுவல்ல. இருக்கிற வெளிச்சம் போதும் என்கிற கட்சி. இந்தக் கட்சிக்குத் தமிழ்நாட்டில் தலைவர் பாலு மகேந்திரா. 'மூன்றாம் பிறை'க்கு அவர் ஊட்டிப் பக்கத்துப் பனியையும் ஜன்னல் வெளிச்சத்தையும் எப்படி உபயோகித்தார் என்று பாருங்கள். அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. ஊட்டி என்றதும் ஞாபகம் வருகிறது: நம் நாட்டுக்கென்று ஒரு ஃபிலிம் கம்பெனி அங்கேதான் இருந்தது. 1960-ல் தொடங்கின ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 'இந்து' என்று அதன் பெயர் போட்ட கறுப்பு வெள்ளைச் சுருள்களில்தான் நம்மில் பல பேருடைய அப்பா அம்மா மாலையும் கழுத்துமாக நிற்கிறார்கள். அந்த ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது.

*

சரி, ஆற்றுக்கே போவோம். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. மேலே நல்ல மழை, மதகு திறந்திருக்கிறது என்று சனிக்கிழமையே தகவல் வந்துவிட்டது. விடிவதற்கு முன்னால் போய்விட்டேன்.

வெளிச்சம் வர வர, எனக்கு முன்னால் ஆறு இல்லை. பனி! இமயமலையைப் பெயர்த்துக்கொண்டு வந்து கெலவரப்பள்ளியில் போட்ட மாதிரி வெள்ளை வெளேரென்று ஆள் உயரத்துக்கு நுரை. காற்றடித்தால் பஞ்சுப் பொதிகளாகப் பிய்ந்து பறக்கிறது. மரக்கிளையில் போய்த் தொங்குகிறது. நுரைக்கு நடுவே கறுப்பாகத் தண்ணீர் கோடு போட்டு ஓடுகிறது. சுழலில் மாட்டிக்கொண்ட நுரைத் துண்டுகள் மெதுவாக வட்டமடிக்கின்றன. ஒரு விநாடி திறந்து வைத்தால் அந்த வட்டங்கள் எப்படி விழும் என்று மனக்கண்ணில் பார்த்துவிட்டேன். கை பரபரத்தது.

இங்கே மீட்டர் ஒரு தகராறு பண்ணும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காமிரா மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு என்ற பேதமெல்லாம் கிடையாது. உலகம் முழுக்கச் சாம்பல் நிறம் என்பது அதன் சித்தாந்தம். நுரையைக் காட்டினால், 'ஏகப்பட்ட வெளிச்சம்' என்று பயந்து குறைக்கச் சொல்லும். கேட்டால், வெள்ளை நுரை படத்தில் அழுக்கு வேட்டி மாதிரி வரும். அது சொல்வதற்கு மேல் ஒன்று, ஒன்றரைப் படி கூடக் கொடுத்தால்தான் வெள்ளை வெள்ளையாக விழும்.

கொடுத்தேன். எஃப் 16, ஒரு விநாடி. ஷட்டரை விரலால் அழுத்தினால் காமிரா ஆடும் என்பதால் கேபிள் ரிலீஸ். க்ளிக்... (மனசுக்குள் 'ஆயிரத்து ஒன்று')... க்ளக். இப்படி ஒன்பது படம்.

பத்தாவது படத்துக்குச் சுருளை நகர்த்தும்போது பின்னாலிருந்து குரல்.

"என்னா தம்பி எடுக்கற?"

தலையில் துண்டு, கையில் மண்வெட்டியோடு ஒரு பெரியவர். வாய்க்கால் பாசனத்தில் கால் ஏக்கர் கொத்தமல்லி, மீதியில் தக்காளி போட்டிருப்பவராம்.

"நுரையை எடுக்கறேங்க ஐயா. ரொம்ப அழகா இருக்கு."

அவர் நுரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காமிராவைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏன் தம்பி, இந்தப் பொட்டியில வாசனை விழுமா?"

நான் பதில் சொல்லவில்லை. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் ஒன்பது படமும் எடுத்திருந்தேன். அதைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

*

அந்த நுரையின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். சுத்தமான தண்ணீரை எவ்வளவு உயரத்திலிருந்து கொட்டினாலும் குமிழி வரும், உடனே உடையும். நிலைத்து நிற்காது. அது நிற்க வேண்டுமானால் சோப்பு வகையறா வேண்டும். சோப்பு மூலக்கூறு கூட்டுக்குடும்பத்து மாப்பிள்ளை மாதிரி; ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், இன்னொரு முனை தண்ணீரைக் கண்டாலே விலகும், எண்ணெயும் அழுக்குமாகப் பார்த்துப் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த இரட்டைக் குணத்தால்தான் துணி வெளுக்கிறது. இதே குணத்தால்தான் குமிழியின் தோல் கிழியாமல் நிற்கிறது. தண்ணீர் மதகிலிருந்து விழுந்து காற்றோடு கலக்கும்போது கோடிக்கணக்கில் குமிழி. ஒவ்வொரு குமிழியின் சுவரும் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிப்பதால் வெள்ளை. அந்த வெள்ளையில் சாயம் எதுவும் கிடையாது. வெறும் வெளிச்சம். அடியில் ஓடுகிற தண்ணீர் என்ன நிறம் என்பதை அது மூடிவிடுகிறது.

எங்கிருந்து வருகிறது? பெங்களூரின் சாக்கடை பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி. அங்கிருந்து தட்சிண பினாகினி. அதுதானே எங்கள் தென்பெண்ணை! பெல்லந்தூர் ஏரி 2015-ல் நுரையோடு தீப்பற்றி எரிந்தது. 2017-லும் 2018-லும் மறுபடி எரிந்தது. ஏரி எரிகிற அதிசயத்தை உலகமே டி.வி.யில் பார்த்தது. வீட்டுச் சோப்புத் தண்ணீர், சுத்திகரித்தது பாதி, சுத்திகரிக்காதது பாதி, தொழிற்சாலைக் கழிவு எல்லாம் சேர்ந்து வருகிற கலவை. 2018-லிருந்து சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியைக் கோலார் ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். ஆனாலும் மழை பெய்து மதகு திறந்தால் கெலவரப்பள்ளியில் நுரை வருவது நிற்கவில்லை. தரைப்பாலத்தை நுரை மூடி ஜனங்கள் வழி தெரியாமல் நின்ற நாட்களும் உண்டு. தினசரிகளில் வருஷாவருஷம் வருகிற செய்தி. போட்டோவோடு வரும். படம் பிரமாதமாக இருக்கும்.

நினைத்துப் பார்த்தால் இது யாரோ ஒரு வில்லன் ராத்திரியில் வந்து கொட்டிவிட்டுப் போவது மட்டுமில்லை. எங்கள் ஆபீஸிலேயே பாதிப் பேர் அந்தப் பக்கத்திலிருந்து அத்திப்பள்ளி தாண்டி வேலைக்கு வருகிறவர்கள். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் பளிச்சென்று வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையை வெளுத்த தண்ணீர், அவர்கள் பஸ் பிடிப்பதற்கு முன்னாலேயே ஆறு பிடித்துக் கிளம்பியிருக்கும்.

பெரியவர் கரையில் குந்தினார். "காலு வெச்சா அரிக்கும். எம் பேரனை எறங்க விடறதில்ல. நானெல்லாம் இதுல முங்கி முங்கிக் குளிச்சவன். ஒங்க வயசுல கையால அள்ளிக் குடிச்சிருக்கேன்" என்றார். அப்புறம், "தக்காளிக்கு இதைத்தான் பாய்ச்சறேன். வேற தண்ணிக்கு எங்க போறது?" என்றார். இதற்கும் என்னிடம் பதில் இல்லை. அந்தத் தக்காளி எங்கள் வீட்டு ரசத்துக்கு வருகிறதா, பெங்களூருக்கே திரும்பிப் போகிறதா என்பது மார்க்கெட்டுக்குத்தான் வெளிச்சம்.

இதற்குள் சூரியன் மேலே வந்துவிட்டது. ஷட்டரை எவ்வளவு இறக்கினாலும் இனிப் பட்டுப் புடவை கிடைக்காது. எனக்கு ஒன்று தோன்றியது. ட்ரைபாடிலிருந்து காமிராவைக் கழற்றினேன். எஃப் 8, 500-ல் ஒரு பங்கு. நுரைக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போய், கையில் பிடித்தபடியே எடுத்தேன். பெரியவரின் மண்வெட்டியும் காலும் ஓரத்தில் வருகிற மாதிரி.

*

பத்து நாள் கழித்துப் படங்கள் வந்தன. இரண்டு படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு ஆபீஸுக்கு எடுத்துப் போனேன்.

ஒரு விநாடிப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும், "அடடா! காஷ்மீரா? ஸ்விட்ஸர்லாந்தா?" என்றார்கள். நீல விடியலில் நுரை வட்டம் வட்டமாக, வான்வெளி நட்சத்திரக் கூட்டம் மாதிரி சுழல்கிறது. ஒருத்தர் தன் கம்ப்யூட்டர் திரையில் போட்டுக்கொள்ளக் கேட்டார். 'கெலவரப்பள்ளி' என்றேன். "சும்மா கதை விடாதீங்க ஸார்!"

500-ல் ஒரு பங்கு படத்தைப் பார்த்தவர்கள் எதுவும் சொல்லவில்லை. அதில் ஒவ்வொரு குமிழியும் தனித்தனியாகத் தெரிகிறது. தோலில் எண்ணெய்ப் படலத்தின் வானவில். நடுவில் மாட்டிக்கொண்ட ஷாம்பூ பாக்கெட், ஒரு செருப்பு, பழுப்பேறின விளிம்பு. ஓரத்தில் சேற்றில் நிற்கிற வெறும் கால். பார்த்ததும் தன்னையறியாமல் மூக்கைச் சுளித்தார் எங்கள் மேனேஜர். "இதை எதுக்குய்யா எடுத்தீரு?"

இரண்டும் ஒரே காமிரா, ஒரே ஃபிலிம், ஒரே காலை, ஒரே ஆறு. வித்தியாசம் ஒரு திருகு. மெதுவான ஷட்டருக்கு நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர் என்ற வித்தியாசமே தெரியாது. சாக்கடையைக் கொடுத்தாலும் பட்டாக நெய்து கொடுத்துவிடும். ஒகேனக்கல்லில் அதை எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பரிசலும் பொரித்த மீனும் வீட்டு அம்மணியின் ஆசையும் நிறைவேறும். 'இங்கே எடுத்தால் எதை மறைக்கிறோம்' என்று ஷட்டரைத் திருகுகிறவன்தான் யோசிக்க வேண்டும். அதற்காக அழகான படம் எடுக்கக் கூடாது என்று நான் விரதம் எடுக்கவில்லை. நுரை அழகாக இருந்தது என்பதும் நிஜம்தானே! அழகாக இருந்ததால்தான் எல்லோரும் நின்று பார்த்தார்கள். இரண்டையும் ஒரே சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். முதல் படத்துக்காக வருகிறவர்கள் இரண்டாவதையும் பார்த்தாக வேண்டும்.

பெரியவருக்கு ஒரு ஜோடிப் பிரின்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டுப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "ரொம்ப ஷோக்கா இருக்குது தம்பி" என்றவர், அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கலகலவென்று சிரித்தார். "சொன்னேன்ல... வாசனை விழல! அதான் எல்லாரும் நல்லா இருக்குதுன்றாங்க." இரண்டாவது படத்தில் தன் காலைக் கண்டுபிடித்துப் பேரனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

உங்களில் யாராவது ஃபிலிம் காமிராவைத் தூசி தட்டி எடுத்திருந்தால், அடுத்த மழைக்கு வாருங்கள். மேகமூட்டமான நாளாகப் பாருங்கள். உறுதியான ட்ரைபாட், கேபிள் ரிலீஸ், லென்ஸைத் துடைக்கப் பழைய மல் துணி, கரையில் வழுக்காத செருப்பு. மதகு பற்றி ஊரில் விசாரிக்காமல் இறங்க வேண்டாம். நுரைக்கு ஒன்றரைப் படி கூடக் கொடுக்க மறக்க வேண்டாம். ஏர்போர்ட் எங்கே வருகிறது என்று கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

முக்கியமாக, மூக்கை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள். காமிராவில் இல்லாத மீட்டர் அது ஒன்றுதான்.